காலி எடை

எண்ணெய் ஆலை வாசலில் எனக்கு வேலை.
செம்பனைக் குலையோடு வரும் லாரியை
ஒருமுறை நிறுப்பேன்,
இறக்கிவிட்டுத் திரும்பும்போது
இன்னொரு முறை.
நிறை எடை, காலி எடை,
கழித்தால் வருவதுதான் கணக்கு.
பதினொரு வருசத்தில்
ஒரு டிரைவரும் என்னை ஏமாற்றியதில்லை,
தண்ணீர் டின்களை மறைத்து ஏற்றிவந்த
சன்னாசியைத் தவிர.
அவனையும் பிடித்துவிட்டேன்.

எங்கள் தராசுக்கு ஒரு குணம்.
இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் மதிக்காது.
ஆலைப் பூனை குறுக்கே நடந்தால்
திரையில் முட்டைதான்.

சம்பளம் ஏழாம் தேதி.
கெமாயானில் இருப்பது ஒரே தெரு,
அதில் ஒரே பணமெஷின்,
அதன்முன் முழுத் தோட்டமும் வரிசை.
மெஷினுக்கு ஐந்தடி தள்ளி நம்பர் கடை,
அதற்கடுத்து அடகுக் கடை.
எங்களை நன்றாகத் தெரிந்த எவனோதான்
இந்தத் தெருவை அடுக்கியிருக்கிறான்.

என் சங்கிலி அங்கேதான் தங்கிப் படிக்கிறது.
ஹாஸ்டல் பிள்ளை மாதிரி
தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்,
ஒரு வாரம் கழுத்தில் கிடக்கும்,
பிறகு பை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.
ஆறு வருசமாக
அதே வகுப்பு.

இருபதாம் தேதிக்கு மேல்
ஆ சூங் கடையில் கடன் புத்தகம்.
அரிசி, நெத்திலி, சலவைத்தூள்.
"காசு எங்கே போச்சு?" என்பார் வடமலை.
"எங்கே போச்சு?" என்பேன் நான்.
வீட்டில் ரெண்டு பேரும் போலீஸ்,
திருடன்தான் அகப்படவில்லை.

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.
ஆ சூங் கொடுத்த காலண்டரில்
புதன், சனி, ஞாயிறு
சிவப்புக் குதிரை ஓடும்.
குதிரை நாளென்றால் நாலு நம்பர்:
பைக்கின் நம்பர்,
கனவில் வந்த பாம்பின் நம்பர்,
செத்துப்போன மாமாவின் ஐ.சி.யில்
கடைசி நாலு.

போன மாசம்
காலண்டரில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டேன்.
ஒவ்வொரு குதிரையின் காலடியிலும்
அவர் செலவை எழுதினேன்.
வழக்குக்கு ஆதாரம் வேண்டுமே.
பேருக்கு என்னுடையதையும்
ஓரத்தில், பொடி எழுத்தில்.

மாசக் கடைசியில் கூட்டினேன்.
பதின்மூன்று குதிரை, எட்டெட்டு வெள்ளி,
நூற்று நாலு.
நாக்கை வழக்குக்குத் தீட்டிக்கொண்டே
என் ஓரத்துக்கு வந்தேன்.
கேண்டீனில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும்
நாளைக்கு நாலு வெள்ளி,
இருபத்திரண்டு நாள்.
எண்ணெயில்லாமல் பொரிக்கும் பெட்டி,
தவணை முப்பத்தெட்டு.
காத்தாயி மகள் சடங்குக்கு எடுத்த சேலை,
தவணை ஐம்பத்திரண்டு.
மூன்றாவது தவணை இருபத்தொன்பது,
எதற்கென்று இன்னும் ஞாபகம் வரவில்லை.

இருநூற்று ஏழு.

திரும்பக் கூட்டினேன்.
ஆபீஸ் கால்குலேட்டரைக் கொண்டுவந்து கூட்டினேன்.
பூனை தினமும் நடந்து போயிருக்கிறது,
திரையில் முட்டை.

வடமலையிடம் சொல்லவில்லை.
அந்தத் தாளைக் கிழித்து
அரிசி வாளிக்கு அடியில் வைத்தேன்.
மறுநாள் வீட்டிலேயே பசியாறிவிட்டுப் போனேன்.
மூன்றாம் நாள் தலைவலி.
கேண்டீன் ஆஸ்மாவிடம் எரிந்து விழுந்தேன்,
அவள் என்ன செய்தாள் பாவம்,
"இன்னைக்கும் வேண்டாமா?" என்று கேட்டாள்.

பென்சில் மட்டும் அங்கேயே தொங்கியது.
இந்த மாசம் இரண்டாவது சனி,
குதிரைக்குக் கீழே
என் கையெழுத்தில்லாத ஓர் எட்டு.
அதை அடித்து, நாலு.
நான் கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை மறுபடி எட்டு,
ஆனால் அதையும் எழுதியிருந்தார்.

சங்கிலி இன்னும் ஹாஸ்டலில்தான்.
நேற்று வட்டியோடு
முதலிலும் எழுபது வெள்ளி கட்டினேன்.
கம்பிக்குப் பின்னாலிருந்த பெண்
முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியே நல்ல வெயில்.
ஒரு தே தாரிக்,
வெள்ளி எண்பது காசு.
அடகு ரசீதின் பின்பக்கம்
முதலில் எழுதினேன்.
பிறகு குடித்தேன்.
இனிப்பு கொஞ்சம் தூக்கல்.